கூலியில்லாத மூன்று ஆண்டுகள்: நீதிபதி நாற்காலிவரை யாரால் நடந்து வர முடியும்?

2025 மே 20 அன்று உச்சநீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, சட்டக் கல்லூரிகளில் பயிலும் ஏழை மாணவர்களின் வாழ்க்கைக் கணக்கை ஒரே நாளில் மாற்றிவிட்டது. உரிமையியல் நீதிபதி (இளநிலை) பதவிக்கான தேர்வை எழுத வேண்டுமானால், குறைந்தது மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியிருக்க வேண்டும் என்று அன்றைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான மூவர் அமர்வு கூறியது. இந்த நிபந்தனை முற்றிலும் புதியதன்று. 1993-ல் இதே உச்சநீதிமன்றம் இதனை விதித்தது; ஷெட்டி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 2002-ல் இதே நீதிமன்றம் கைவிட்டது. 23 ஆண்டுகள் கழித்து அது மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது.

தீர்ப்பு சொல்லும் காரணத்தை எளிதில் புறந்தள்ளிவிட முடியாது. நீதிமன்ற நடைமுறையை அறியாத, வழக்காடியின் கண்ணீரையும் காவல் நிலையத்தின் தந்திரங்களையும் நேரில் கண்டிராத ஒருவர், சட்டப் புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு மனிதரின் உயிர், உடைமை, உரிமை ஆகியவை பற்றி முடிவெடுப்பது ஆபத்தானதே. அனுபவம் வேண்டும் என்பதில் இடதுசாரிகளுக்கு மாறுபாடு இல்லை. கேள்வி வேறு. அனுபவம் பெறும் அந்த மூன்று ஆண்டுகளும் அந்த இளைஞருக்குச் சோறு போடுவது யார்?

இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் விடை இல்லை. நடைமுறையில் இருக்கும் விடை ஒன்றே ஒன்றுதான்: அவரது குடும்பம். தந்தைக்கு நிலம் இருந்தால், நகரத்தில் சொந்த வீடு இருந்தால், சிற்றப்பாவோ மாமாவோ ஏற்கெனவே வழக்கறிஞராக இருந்தால், மூன்று ஆண்டுகள் ஒரு பயிற்சிக் காலம். விவசாயத் தொழிலாளியின் மகளுக்கு, துப்புரவுத் தொழிலாளியின் மகனுக்கு, அதே மூன்று ஆண்டுகள் கடக்க முடியாத ஆறு. அனுபவத்துக்கான தகுதி என்ற பெயரில், உண்மையில் கேட்கப்படுவது சொத்துத் தகுதி.

சட்டம் கேட்டதும் பார் கவுன்சில்கள் பறித்ததும்

இந்த நாட்டில் ஒருவர் சொந்தமாக வழக்கறிஞர் தொழில் தொடங்கச் சட்டம் விதிக்கும் நிபந்தனைகள் மிகக் குறைவு. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு சட்டப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேறவேண்டும். 2010-ல் இந்திய பார் கவுன்சில் கொண்டுவந்த இந்தத் தேர்வு செல்லும் என்று 2023 பிப்ரவரியில் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. பதிவுக்கு முன் ஓராண்டு கட்டாயப் பயிற்சி என்று பார் கவுன்சில் 1995-ல் கொண்டுவந்த விதிகளை 1999-ல் உச்சநீதிமன்றமே ரத்து செய்துவிட்டது. ஆக, ஏட்டளவில் பார்த்தால், பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கிய இளைஞர் மறுநாளே பெயர்ப்பலகை மாட்டித் தம் அலுவலகத்தைத் திறந்துவிடலாம்.

ஏட்டில் இருக்கும் இந்தச் சமத்துவம் முதல் படியிலேயே இடறியது. பதிவுக் கட்டணத்தைச் சட்டத்தின் 24(1)(எஃப்) பிரிவு தெளிவாகவே வரையறுத்திருக்கிறது. முத்திரைத் தீர்வை நீங்கலாக, மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய், ஆக மொத்தம் 750 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். நாடாளுமன்றம் எழுதிய இந்தத் தொகையைச் சட்டம் காக்க வேண்டிய பார் கவுன்சில்களே காலில் போட்டு மிதித்தன. நூலக நிதி, நிர்வாகச் செலவு, அடையாள அட்டை, நலநிதி, பயிற்சிக் கட்டணம் என்று தலைப்புகளைப் பெருக்கி, மாநிலத்துக்கு மாநிலம் ஏறத்தாழ 15,000 ரூபாயிலிருந்து 42,000 ரூபாய்வரை வசூலித்தன. ஒடிசாவில் அது 42,000 ரூபாயைத் தாண்டியது.

2024 ஜூலை 30 அன்று, கௌரவ் குமார் வழக்கில், அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட்டும் நீதிபதி ஜே.பி.பார்திவாலாவும் இந்தக் கொள்ளைக்கு முற்றுப்புள்ளி வைத்தனர். சட்டம் சொன்ன தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது; கூடுதல் கட்டணம் அரசியல் சாசனத்தின் சமத்துவ உரிமைக்கும் தொழில் செய்யும் உரிமைக்கும் எதிரானது என்றது தீர்ப்பு. விளிம்பு நிலைச் சமூகங்களிலிருந்து வருவோரை இக்கட்டணம் கூடுதலாகத் தண்டிக்கிறது என்பதையும் அது எடுத்துக் காட்டியது. ஆனால் தீர்ப்பு வருங்காலத்துக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் கூறப்பட்டது. கடன் வாங்கிக் கட்டியவர்களின் கடன் அவர்கள் தலையிலேயே நின்றது.

தீர்ப்புக்குப் பின்னும் தந்திரம் ஓயவில்லை. கர்நாடகத்தில் கட்டாயக் கட்டணத்தோடு 'விருப்பக் கட்டணம்' என்ற பெயரிலும் பணம் வாங்கப்படுவது உச்சநீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தபோது, விருப்பக் கட்டணம் என்று ஒன்று இருக்க முடியாது, உடனே நிறுத்துக என்று 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டியதாயிற்று.

750 ரூபாயை வைத்துக்கொண்டு எப்படி நிர்வாகம் நடத்துவது என்று பார் கவுன்சில்கள் கேட்கின்றன. இந்தத் தொகை 1993-ல் நிர்ணயிக்கப்பட்டது என்பதும், விலைவாசி அதன்பின் பன்மடங்கு ஏறிவிட்டது என்பதும் உண்மைதான். ஆனால் அமைப்பை நடத்தும் செலவை, இன்னும் ஒரு ரூபாயும் சம்பாதிக்காத புதியவரின் தலையில் ஏற்றுவது எந்த நியாயத்தில் சேரும்? ஒருமுறை நீதிமன்றத்தில் எழுந்து நிற்பதற்கே லட்சங்களில் கட்டணம் வாங்கும் வழக்கறிஞர்களும் இதே பார் கவுன்சிலின் உறுப்பினர்கள்தானே? வருமானத்துக்கு ஏற்ற ஆண்டுச் சந்தா என்ற எளிய வழியை இந்த அமைப்புகள் ஏன் பேசவே மறுக்கின்றன? வாக்களிக்கும் மூத்தவர்களிடம் கேட்க அஞ்சுவதை, வாசலில் நிற்கும் இளையவர்களிடம் பிடுங்குவது எளிது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

கட்டு சுமக்கும் வழக்கறிஞர்

கட்டணக் கதவு ஒருவாறு திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்தவருக்கு என்ன நேர்கிறது?

பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் வழக்கு வந்துவிடாது. பார் கவுன்சில் விதிகளின் 36-ஆம் விதி வழக்கறிஞர் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது; பெயர்ப்பலகையின் அளவுகூட மிதமாக இருக்க வேண்டும். விளம்பரம் இல்லாத இடத்தில் வழக்குகளைக் கொண்டுவருவது உறவும் சாதியும் ஊர்ச் செல்வாக்குமே. இவை இல்லாத முதல் தலைமுறை வழக்கறிஞர் ஒரு சீனியரின் அலுவலகத்தில் சேர்வதைத் தவிர வேறு வழியில்லை.

அங்கு அவர் செய்வது வேலைதான். அதைக் கற்றல் என்று மட்டும் பெயரிட்டு மறைத்துவிட முடியாது. காலையில் வழக்குக் கட்டுகளை எடுத்து அடுக்குகிறார். மூன்று நீதிமன்ற அறைகளில் ஒரே நேரத்தில் வழக்கு அழைக்கப்படும்போது ஓடி ஓடி வாய்தா வாங்குகிறார். நகல் மனுவுக்கு வரிசையில் நிற்கிறார். சாட்சிகளை அழைத்து வந்து உட்கார வைக்கிறார். மாலையில் பதில் மனுவை எழுதுகிறார், இரவில் அதைத் தட்டச்சு செய்கிறார், மின்வழித் தாக்கல் முறை வந்தபின் பக்கம் பக்கமாக வருடிப் பதிவேற்றுகிறார். வழக்காடி கட்டணம் தருவது இந்த உழைப்பு முழுவதற்கும் சேர்த்துத்தான். அந்தக் கட்டணத்தில் ஜூனியருக்குக் கிடைப்பது பல இடங்களில் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும். பல இடங்களில் அதுவும் இல்லை. அந்த அலுவலகத்தின் குமாஸ்தாவுக்கு மாதச் சம்பளம் உண்டு. சட்டம் படித்தவருக்கு இல்லை. உழைப்பைச் செலுத்தியவருக்கு அதன் விலை மறுக்கப்படுவதற்கு அரசியல் பொருளாதாரத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் கறுப்பு அங்கிக்குள்ளும் மாறுவதில்லை.

சரி, மாலையில் வேறு வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாமா? அங்கும் கதவு அடைபட்டிருக்கிறது. 47-ஆம் விதி வழக்கறிஞர் தாமே வணிகம் நடத்துவதைத் தடுக்கிறது. 49-ஆம் விதி முழுநேரச் சம்பள வேலையைத் தடுக்கிறது. மருத்துவத் தொழிலை விடாமல் வழக்கறிஞராகப் பதிவு செய்ய விரும்பிய ஒரு மருத்துவரின் கோரிக்கையை 1996-ல் உச்சநீதிமன்றம் நிராகரித்தது; சட்டத்தொழில் முழு ஈடுபாட்டைக் கேட்பது என்பது காரணம். சட்டம் கற்பிக்கும் பணி மட்டும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. முழு ஈடுபாட்டைக் கோருவது தவறன்று. முழு ஈடுபாட்டைக் கோரிவிட்டு முழுப் பட்டினியை ஊதியமாகத் தருவதுதான் தவறு. சம்பளமும் இல்லை, வேறு வேலைக்கு அனுமதியும் இல்லை, விளம்பரமும் இல்லை என்ற மூன்று பூட்டுகளையும் ஒரே கதவில் பூட்டிவிட்டு, திறமை உள்ளவர் உள்ளே வரலாம் என்று சொல்வது கேலியன்றி வேறென்ன?

இப்போது மே 20 தீர்ப்பு நான்காவது பூட்டையும் சேர்த்திருக்கிறது. மூன்றாண்டு அனுபவத்துக்குச் சான்று வேண்டும். குறைந்தது பத்தாண்டு தொழில் நடத்திய வழக்கறிஞர் ஒருவர் சான்றளித்து, அதை நீதித்துறை அலுவலர் மேலொப்பமிட வேண்டும் என்பது தீர்ப்பு காட்டும் முக்கிய வழிகளில் ஒன்று. நடைமுறையில் அந்தப் பத்தாண்டு வழக்கறிஞர் பெரும்பாலும் சீனியராகவே இருப்பார். சம்பளம் தராத கையிலேயே சான்றிதழும் இருக்கிறது. இனி கூலி கேட்கும் துணிவு எந்த ஜூனியருக்கு வரும்? பெண் வழக்கறிஞர் ஒருவர் தமக்கு இழைக்கப்படும் அவமதிப்பைப் பற்றி வாய் திறப்பாரா?

வரலாறு சொல்வது

இது புதிய நோய் அன்று. 1923-ல் லண்டனிலிருந்து பாரிஸ்டர் பட்டத்தோடும் முனைவர் பட்டத்தோடும் திரும்பி, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார் டாக்டர் அம்பேத்கர். அக்காலப் பம்பாயில் பாரிஸ்டருக்கு வழக்கைத் தருபவர் சொலிசிட்டர். தீண்டாமையில் ஊறிய சொலிசிட்டர்கள் அவரை அணுக மறுத்தனர். உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் இரண்டில் பயின்ற மனிதர், வெளியூர் நீதிமன்றங்களின் சிறு வழக்குகளைத் தேடிச் சென்றார். கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் வணிகச் சட்டம் பகுதிநேரமாகக் கற்பித்துக் குடும்பத்தை நடத்தினார். பிற்காலத்தில் இந்த நாட்டின் அரசியல் சாசன வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவருக்கே வழக்கறிஞர் தொழிலின் தொடக்க ஆண்டுகள் இப்படி இருந்தன என்றால், பெயர் தெரியாமல் ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர்?

வழக்கறிஞர்கள் சட்டம் பாரிஸ்டர், வக்கீல், அட்டர்னி என்ற பழைய படிநிலைகளை ஒழித்து, அனைவரையும் வழக்கறிஞர் என்ற ஒரே வகுப்பாக்கியது. ஆனால் வழக்கு யாரிடம் போகிறது, யாரிடம் போவதில்லை என்பதை முடிவு செய்யும் சமூகப் படிநிலையை அது தொடவில்லை. அதன் விளைவு மேல்மட்டத்தில் பளிச்சென்று தெரிகிறது. 2018 முதல் 2022 வரை உயர்நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் 79 சதவீதம் பேர் பொதுப்பிரிவினர். பட்டியல் சாதியினர் 2.8 சதவீதம், பழங்குடியினர் 1.3 சதவீதம். இது நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் ஒன்றிய சட்ட அமைச்சகமே தந்த கணக்கு. நாட்டில் உள்ள 17 லட்சம் வழக்கறிஞர்களில் பெண்கள் வெறும் 15 சதவீதம் என்று 2021-ல் அன்றைய தலைமை நீதிபதி என்.வி.ரமணா வெளிப்படையாகவே வருந்தினார். உயர்நீதிமன்ற நீதிபதிகளில் பெரும்பாலோர் வழக்கறிஞர்களிலிருந்தே தேர்வு செய்யப்படுகின்றனர். வழக்கறிஞர் தொழிலின் முதல் மூன்று ஆண்டுகளில் யார் உதிர்ந்துபோகிறார்களோ, அவர்களே முப்பது ஆண்டுகளுக்குப் பின் நீதிபதிகள் பட்டியலில் காணாமல் போகிறார்கள். அங்கே பன்முகத்தன்மை இல்லை என்று கண்ணீர் வடிப்போர் இங்கே கூலி தர மறுப்பது பெரும் முரண்.

சாக்குகளும் விடைகளும்

இந்தச் சுரண்டலுக்குச் சொல்லப்படும் சாக்குகள் பழையவை. முதலாவது: இது உன்னதத் தொழில், வணிகம் அன்று, இங்கே ஊதியம் பற்றிப் பேசுவது தொழிலின் மாண்பைக் குறைக்கும். வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது, இது தனித்தன்மை கொண்ட தொழில் என்று 2024 மே மாதத்தில் உச்சநீதிமன்றமும் கூறியது. நல்லது. ஆனால் உன்னதம் என்ற சொல் கட்டணம் வாங்கும்போது மறந்துபோய், கூலி கொடுக்கும்போது மட்டும் நினைவுக்கு வருவது எப்படி?

இரண்டாவது: இது குரு–சீடர் உறவு, சீனியர் கற்றுத்தரும் வித்தைக்கு விலை உண்டா? குருகுலத்தில் யார் அனுமதிக்கப்பட்டார்கள், யார் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்பதை இந்த நாட்டின் உழைக்கும் மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரல் கேட்ட கதையும் குருகுலத்துக் கதைதான். கருவூலத்திலிருந்து உதவித்தொகை பெறும் பயிற்சி மருத்துவர் வைத்தியம் கற்காமல் போய்விடவில்லை. ஊதியம் பெற்றால் கற்றல் கெட்டுவிடும் என்பது, ஊதியம் தர மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த கல்வியியல்.

கறுப்பு அங்கியையும் வெள்ளைக் கழுத்துப் பட்டையையும் எந்த நாட்டிடமிருந்து இந்திய நீதிமன்றங்கள் பெற்றனவோ, அந்த இங்கிலாந்திலேயே நிலைமை வேறு. சொலிசிட்டர் ஆவதற்குப் பயிற்சி பெறுபவர் அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறார்; பாரிஸ்டர் பயிற்சியாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகை வழங்கப்பட வேண்டும் என்பது தொழில் விதி. முதலாளித்துவத்தின் தாய்வீட்டில் ஏற்கப்பட்ட இந்தச் சிறு நியாயம்கூட இங்கே மாண்புக்குக் குறைவாகிவிட்டது. அங்கியை இறக்குமதி செய்தவர்கள் கூலியை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

மூன்றாவது வாதம் மட்டுமே கவனத்துக்குரியது. மாவட்டத் தலைநகரிலும் தாலுகாவிலும் இருக்கும் சீனியருக்கே வருமானம் இல்லை. அவர் எங்கிருந்து 15,000 ரூபாய் தருவார்? உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் நீதிமன்ற வளாகத்தின் மரத்தடியில், தகரக் கொட்டகையில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டுத் தொழில் நடத்தும் வழக்கறிஞர் பெருநிறுவன முதலாளி அல்லர். அவரைச் சுரண்டல்காரர் என்று சாடுவது இடதுசாரிப் பார்வை ஆகாது. ஆனால் இந்த வாதம் எதை நிரூபிக்கிறது? பொறுப்பைத் தனிமனிதச் சீனியரின் தோளில் மட்டும் ஏற்ற முடியாது, அது அரசும் தொழில் அமைப்பும் ஏற்க வேண்டிய பொறுப்பு என்பதையே நிரூபிக்கிறது. சிறியவர் தர இயலாது என்பதைக் காட்டிப் பெரியவரையும் அரசையும் தப்பவிடுவது ஏற்கத்தக்கதன்று.

அறிவுரை போதாது, உரிமை வேண்டும்

பிரச்சினை இருப்பதை இப்போது எவரும் மறுப்பதில்லை. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்சமாக வழங்கச் சுற்றறிக்கை விடுமாறு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில், நகர்ப்புறங்களில் 20,000, கிராமப்புறங்களில் 15,000 என்று நாடு முழுமைக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் அது கட்டாயம் அன்று, பரிந்துரை. அறிவுரையைக் கொண்டு அடுப்பு எரிவதில்லை.

சில மாநில அரசுகள் அறிவுரையைத் தாண்டியிருக்கின்றன. ஆந்திரத்தில் 2019-ல் மாதம் 5,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2020-ல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 3,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2018-லேயே மாதம் 5,000 ரூபாய் என ஆணையிட்டது. எனினும் நடைமுறை விதிகள் வெளிவர 2021 ஆயிற்று. அவற்றில் தொகை 3,000 ரூபாய்வரை என்று சுருங்கியது. முதலில் வழிகாட்டிய மாநிலம் என்பதால் இந்தத் தாமதத்தையும் குறைவையும் மறைக்க வேண்டியதில்லை. மாறாக, மாநில அரசுகளின் நிதிக் கழுத்தை ஒன்றிய அரசு நெரிக்கும் காலத்தில், நாடு தழுவிய சட்டமும் ஒன்றிய அரசின் நிதிப் பங்கும் இன்றி இது நிறைவேறாது என்பதற்கு அதுவே சான்று.

ஒன்றிய அரசோ வேறு திசையில் கவனம் செலுத்துகிறது. 2025 பிப்ரவரியில் அது வெளியிட்ட வழக்கறிஞர்கள் சட்டத் திருத்த வரைவு, வழக்கறிஞர்களின் வேலைநிறுத்தத்தையும் நீதிமன்றப் புறக்கணிப்பையும் தடை செய்ய முனைந்தது. இந்திய பார் கவுன்சிலுக்குள் அரசின் நியமன உறுப்பினர்களை நுழைக்க முயன்றது. நாடெங்கும் வழக்கறிஞர்கள் வீதிக்கு வந்தபின் சில நாட்களிலேயே வரைவு திரும்பப் பெறப்பட்டது. இந்திய பார் கவுன்சிலோ வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் வழக்காடல் அல்லாத பணிகளில் நுழைவதற்கு 2023-ல் விதிகளை அறிவித்து, 2025 மே மாதத்தில் திருத்தியும் வெளியிட்டது. பன்னாட்டுச் சட்ட நிறுவனத்துக்கு விதி வகுக்க நேரம் கிடைக்கிறது. தாலுகா நீதிமன்றத்தில் கட்டு சுமக்கும் இளைஞருக்குப் பரிந்துரையோடு கடமை முடிந்துவிடுகிறது. இதுதான் வர்க்கச் சார்பு.

உழைக்கும் மக்களுக்கு இதில் என்ன?

வழக்கறிஞர்களின் உட்பிரச்சினை இது என்று தொழிற்சங்கமும் விவசாயச் சங்கமும் ஒதுங்கிவிட முடியாது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெறாமலே சிறையில் வாடும் அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். பணிநீக்கம் செய்யப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளி, நிலத்திலிருந்து விரட்டப்பட்ட பழங்குடி, வன்கொடுமைக்கு ஆளான தலித் பெண் ஆகியோரின் வழக்குகளை எடுக்க, அவர்களின் மொழியையும் வாழ்க்கையையும் அறிந்த வழக்கறிஞர்கள் வேண்டும். அந்த வழக்கறிஞர்கள் அந்தக் குடும்பங்களிலிருந்துதான் வருவார்கள். மூன்றாண்டுப் பட்டினி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டால், நீதிமன்றத்தில் ஏழையின் பக்கத்தில் நிற்க ஆள் இருக்காது.

1957-ல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவரும் பின்னாளில் உச்சநீதிமன்ற நீதிபதியாக விளங்கியவருமான வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1972-ல் சட்ட உதவி பற்றிய குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஏழைக்குச் சட்ட உதவி கருணை அன்று, அரசின் கடமை என்ற கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றது. 1976-ல் 39-ஏ பிரிவாக அரசியல் சாசனத்தில் இடம் பெற்றது. அந்தக் கடமையின் மறுபாதி இன்னும் நிறைவேறவில்லை. ஏழைக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட அரசு, ஏழை வழக்கறிஞராக நிலைத்து நிற்கவும் வழி செய்ய வேண்டும்.

அதற்கான கோரிக்கைகள் எட்ட முடியாதவை அல்ல. முதலாவதாக, முதல் மூன்று ஆண்டுகளுக்கான உதவித்தொகை வழக்கறிஞர்கள் சட்டத்தில் உரிமையாக எழுதப்பட வேண்டும். விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப அது உயர வேண்டும். மூன்று ஆண்டுகளைக் கட்டாயமாக்கிய அரசமைப்பு, அந்த மூன்று ஆண்டுகளின் உணவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். இரண்டாவதாக, இதற்கெனத் தனி நிதி வேண்டும். ஒன்றிய, மாநில அரசுகளின் பங்கு, வக்காலத்தில் ஒட்டப்படும் நலநிதி முத்திரை வருவாயில் ஒரு பகுதி, உயர் வருமான வழக்கறிஞர்களிடமும் பெரும் சட்ட நிறுவனங்களிடமும் வெளிநாட்டு நிறுவனங்களிடமும் படிநிலைப்படி பெறும் சந்தா ஆகியவை சேர்ந்தால் நிதி திரளும். நாட்டின் மிகப்பெரிய வழக்காடி அரசே என்பதை நினைவில் கொண்டால், அரசின் பங்கு சலுகை அன்று என்பது விளங்கும்.

மூன்றாவதாக, அனுபவச் சான்று ஒரு தனி சீனியரின் கருணையில் தொங்கக்கூடாது. யார் எந்த வழக்கில் எந்த நாளில் ஆஜரானார் என்பது நீதிமன்றக் கணினிப் பதிவுகளிலேயே இருக்கும்படி செய்யலாம். அந்தப் பதிவே சான்றாக வேண்டும். நான்காவதாக, சட்ட உதவி மையங்களிலும் அரசு வழக்கறிஞர் அலுவலகங்களிலும் இளம் வழக்கறிஞர்களுக்கு இடஒதுக்கீட்டோடு ஊதியம் உள்ள பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். ஐந்தாவதாக, ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் அறை இல்லாதோர் பகிர்ந்துகொள்ளும் பணியிடம், நூலகம், கட்டணமில்லா மின்வழித் தாக்கல் வசதி, பெண்களுக்குத் தனி அறை, குழந்தைகள் காப்பகம் ஆகியவை வேண்டும். உச்சநீதிமன்றம் 2023 ஜனவரியில் தன் தீர்ப்புத் தொகுப்புகளை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. பொதுப்பணத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு. மின்நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்க முடிந்த அரசுக்கு இவை பெரும் செலவல்ல. ஆறாவதாக, பார் தேர்வுக்கு 3,500 ரூபாய்வரை வாங்கும் கட்டணம் ஏழைகளுக்கு முற்றிலும் நீக்கப்பட வேண்டும். 750 ரூபாய்க்கு மேல் எந்தப் பெயரிலும் வசூலிக்கும் பார் கவுன்சில் பொறுப்பாளர்கள் மீது நடவடிக்கை வேண்டும்.

பதிவுக் கட்டண வழக்கில் கிடைத்த வெற்றி தானாக வந்ததன்று. கேள்வி கேட்க ஒருவர் நீதிமன்றப் படி ஏறியதால் வந்தது. திருத்த வரைவு திரும்பப் பெறப்பட்டதும் தானாக நேர்ந்ததன்று. நீதிமன்றங்களை விட்டு வழக்கறிஞர்கள் வீதியில் இறங்கியதால் நேர்ந்தது. கூலியில்லாத மூன்று ஆண்டுகளும் அவ்வாறே முடிவுக்கு வரும். ஜனநாயக வழக்கறிஞர் அமைப்புகளும், தொழிற்சங்கங்களும், மாணவர், வாலிபர், மாதர் இயக்கங்களும் இக்கோரிக்கைகளைத் தங்கள் மாநாட்டுத் தீர்மானங்களில் ஏற்றி, நீதிமன்ற வாயில்களில் முழங்க வேண்டிய நேரம் இது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று கற்பிக்கப்படும் தொழிலில், உணவுத்தட்டின் முன்னும் சமத்துவம் வேண்டும்.